யாரும் தேர்ந்தெடுக்காத பச்சை

போன மாதம் நான் ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டி முடித்த கையோடு நீங்கள் எனக்கு ஒரு வேலை கொடுத்தீர்கள். சர்வர் பக்க நிரலிலிருந்து ஒரு பக்கத்தின் ஃபீல்டு மதிப்பை, அதாவது அதன் ஒரு கட்டத்தில் நிரப்பி வைத்திருப்பதை, எப்படி எடுப்பது என்று, புதிதாகச் சேருகிறவர்களுக்கு எழுதித் தர வேண்டும் என்றீர்கள். உட்கார்ந்து யோசித்தேன். பெரிதாக எழுத ஒன்றுமில்லை. தளத்தின் பக்கங்களை வைத்துப் பராமரிக்கிற மென்பொருள், அந்த சி.எம்.எஸ்., எதுவானாலும் அது ஒரு வரி வேலை. பக்கத்தைப் பிடிக்க வேண்டும், ஃபீல்டின் பெயரைச் சொல்ல வேண்டும், மதிப்பு கைக்கு வந்துவிடும். ஆவணங்களில் எல்லாம் இருக்கிறது. என்னைவிட வேகமாக நீங்கள் தேடி எடுத்துவிடுவீர்கள்.

கை நீட்டிய இடத்தில் ஒன்றும் இல்லாதபோது, அந்த ஃபீல்டு காலியாக இருக்கும்போது, என்ன செய்வது? அதற்கு ஆவணத்தில் ஒரு பத்தி இருந்தால் அதிகம். என் வேலைக்காலத்தில் நான் பட்ட பாடு பெரும்பாலும் அந்த ஒரு பத்திக்குள் பட்டதுதான். அதனால் குற்றாலத்தில் ஒரு சீசன் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் முத்துலட்சுமிக்கு மட்டும் இது தெரியும். அன்று அவள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

குற்றாலத்து லாட்ஜ் உரிமையாளர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த ஒரு சங்கம் அப்போது நம் வாடிக்கையாளர். பெயர் வேண்டாம். அவர்களுடைய இணையதளத்தை வேறொரு நிறுவனம் கட்டியிருந்தது. பராமரிப்பு மட்டும் நம்மிடம் வந்தது. தளத்தின் உச்சியில் 'குற்றாலம்' என்று ஒரு தாய்ப் பக்கம். அதன் கீழே ஒவ்வொரு அருவிக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஒரு பக்கம். அத்தோடு, சிற்றாற்றங்கரையில் சங்கமே கட்டி வைத்திருந்த படித்துறைக்கும் ஒரு பக்கம். அருவியில் கூட்டம் தாங்காத நாட்களில் லாட்ஜ்காரர்கள் தங்களிடம் தங்குகிறவர்களை அந்தப் படித்துறைக்கு அனுப்புவார்கள்.

அருவிகளில் போலீஸ் நிற்கும். குளிக்கலாமா கூடாதா என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். தளத்தில் யார் என்ன போட்டாலும் அங்கே செல்லாது. படித்துறையில் போலீஸ் கிடையாது. குறுக்கே ஒரு சங்கிலி, பக்கத்தில் ஒரு மின்பலகை, சங்கத்தின் காவலாளி ஒருவர். அவர் இலத்தூர்க்காரர், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். பலகை பச்சையானால் சங்கிலியை அவிழ்க்க வேண்டும், சிவப்பானால் பூட்ட வேண்டும் என்பது அவருக்குச் சங்கம் சொன்ன உத்தரவு.

அந்தப் பலகை சில நிமிடங்களுக்கு ஒருமுறை நம் சர்வரைக் கேட்கும். சர்வரில் உள்ள நிரல், படித்துறைப் பக்கத்தில் 'குளிக்கும் நிலை' என்ற ஃபீல்டைப் படித்துச் சொல்லும். 'குளிக்கலாம்' என்றால் பச்சை, 'தடை' என்றால் சிவப்பு. ஃபீல்டை நிரப்புவது சங்க அலுவலகத்தில் இருந்த பேச்சியப்பனின் வேலை. மேலே அருவிப் பக்கம் நின்று தண்ணீரின் போக்கைப் பார்த்துச் சொல்ல சங்கத்துக்கு ஓர் ஆள் இருந்தார். அவர் போனில் சொல்வதைக் கேட்டுப் பேச்சியப்பன் திரையில் தேர்ந்தெடுத்துச் சேமிப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது நிரலில் இருந்த ஒரு வசதி. பக்கத்தில் ஒரு ஃபீல்டு காலியாக இருந்தால், அது ஒரு படி மேலே ஏறித் தாய்ப் பக்கத்தில் அதே ஃபீல்டைப் பார்க்கும்; அங்கே இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். லாட்ஜ் பக்கத்துக்குப் படம் போட மறந்துவிட்டார்கள் என்றால், குற்றாலம் பக்கத்தில் உள்ள அருவிப் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கம் மொட்டையாகத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கும் சந்தோஷம், லாட்ஜ்காரருக்கும் சந்தோஷம். ஆனால் படத்துக்காக எழுதிய அதே வசதியைத்தான் எல்லா ஃபீல்டுக்கும் பயன்படுத்தியிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நானும் முத்துலட்சுமியும் தென்காசி அலுவலகத்தில் இருந்தோம். சீசன் நாட்களில் ஞாயிறு என்றால் யாராவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். வடகரையிலிருந்து பஸ்ஸில் வந்து நனைந்த துப்பட்டாவை நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டு, பலகையும் சர்வரும் பேசிக்கொள்வதைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் முத்து. ஊரில் சாரல்தான். ஆனால் மாடி ஜன்னலில் மலை தெரியவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே கறுப்பு.

"அக்கா, படித்துறை பச்சை ஆயிட்டு," என்றாள்.

"காலையிலிருந்து சிவப்புல்லா?"

"ஆமா. இப்பந்தான் மாறிச்சு."

பேச்சியப்பனுக்குப் போன் போட்டேன். "படித்துறையைத் திறந்துட்டீங்களோ? மேல மழை விட்டுட்டாமா?"

"இல்ல மேடம். விடுத மாதிரி இருக்கு, பாத்துட்டுச் சொல்லுதேன்னாரு நம்ம ஆளு. அதான் தடையை எடுத்து வச்சிருக்கேன்."

"எடுத்துட்டு என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலை. காலியா விட்டிருக்கேன். அவரு சொன்னதும் போடலாம்னுதான். பச்சை நான் போடவே இல்லையே மேடம்."

அவர் சொன்னது உண்மை. அவர் பச்சை போடவில்லை. அவர் அறிந்தவரை காலி என்றால் காலி. இன்னும் தெரியாது என்று பொருள். நிரலுக்கு அந்தப் பொருள் தெரியாது. காலியைக் கண்டதும் அது மேலே ஏறியது. தாய்ப் பக்கமும் அதே அச்சில் வார்த்த பக்கம் என்பதால் அதிலும் 'குளிக்கும் நிலை' என்று ஒரு ஃபீல்டு இருந்தது. தளத்தைத் திறந்துவைத்த நாளில் யாரோ அதில் 'குளிக்கலாம்' என்று தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. நிரல் அதை எடுத்துவந்து பலகையிடம் கொடுத்தது. பலகை காவலாளியிடம் கொடுத்தது.

போனை வைக்காமலே, நம்மிடம் இருந்த நிர்வாகி அனுமதியில் உள்ளே போய்ப் படித்துறைப் பக்கத்தில் 'தடை' போட்டுச் சேமித்தேன். அடுத்த முறை கேட்கும்போது பலகை சிவப்பாகிவிடும், சரி. ஆனால் ஏற்கெனவே தண்ணீரில் இறங்கிவிட்டவர்கள் திரும்பிப் பலகையைப் பார்த்துக்கொண்டா குளிப்பார்கள்?

முத்து அதற்குள் நிரலைத் திறந்துவிட்டாள். "அக்கா, இந்த மேல ஏறுத ஃபங்ஷனை எடுத்துட்டா சரியாயிரும். இல்லன்னா சர்வரையே நிறுத்திருவோமா?"

"சர்வர் பதில் சொல்லலைன்னா பலகை என்ன செய்யும்?"

அவள் கை நின்றது. "கடைசியா என்ன இருந்துச்சோ அதையே காட்டிக்கிட்டு இருக்கும்."

"அப்பம் பச்சையே நிக்கும். சர்வரைத் தொடாத. புரோகிராமையும் இப்பம் தொடாத முத்து. முதல்ல ஆளை ஏத்துவோம்."

இதைப் படிக்கிற உங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இந்த இடத்தைத்தான். தவறு எங்கே என்று கண்டுபிடித்த கணத்தில் நம் கை நிரலைத் தேடி ஓடும். அது நமக்குத் தெரிந்த இடம், அங்கே போனால் பயம் குறையும். ஆனால் நம் பயம் குறைவதால் வெளியே இருக்கிறவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நிரல் எங்கேயும் போய்விடாது.

பேச்சியப்பன் லைனைத் துண்டித்துவிட்டுக் காவலாளிக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மழைக்குப் போனைக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு அவர் படிப் பக்கம் நின்றிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. படித்துறைக்கு எதிரே ஒரு லாட்ஜ் உண்டு. அதன் மொட்டை மாடியில் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். கூட்டத்தில் தவறிப்போகும் பிள்ளைகளைப் பற்றி அறிவிக்க அதைத்தான் பயன்படுத்துவார்கள். நம் தளத்திலேயே அந்த லாட்ஜின் பக்கத்தைத் திறந்து, அதில் போட்டிருந்த எண்ணுக்கு அடித்தேன்.

"மேடம், நான்தான்! என்னது, லைனைக் கட் பண்ணிட்டு மறுபடியும் அடிக்கீங்க?" என்றார் பேச்சியப்பன்.

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த லாட்ஜ்காரர்கள் தங்கள் தொலைபேசி எண்ணை நிரப்பியிருக்கவில்லை. அந்த ஃபீல்டும் காலி. நிரல் மேலே ஏறிச் சங்க அலுவலகத்தின் எண்ணை எடுத்துவந்து லாட்ஜின் எண் மாதிரி காட்டியிருக்கிறது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நிரலை அறைய வேண்டும் போலிருந்தது.

"பேச்சியப்பன், கேளுங்க. பலகை பச்சை காட்டிட்டு. காவலாளி சங்கிலியை அவுத்திருப்பாரு. ஆளு இறங்கியிருக்கும்."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளுகிற சத்தம். "ஐயோ. நான் வண்டியை எடுத்துட்டு ஓடுதேன் மேடம்."

"எடுக்காதீங்க. ரோடே நிக்குது இன்னைக்கு. நீங்க போய்ச் சேர முடியாது. எதுத்த லாட்ஜுல யாரு போன் எடுப்பா? உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"ரிசப்ஷன்ல ஜெயா மதினி இருப்பாவ. அவ்வோ செல் நம்பர் என்கிட்ட இருக்கு."

"ஆபீஸ் போன்ல அவங்களைப் பிடிங்க. மைக்குல சொல்லச் சொல்லுங்க, எல்லாரையும் கரைக்கு ஏத்தணும்னு. என்னை லைன்லயே வச்சிருங்க."

போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். பேச்சியப்பன் இன்னொரு போனில் கத்துவது கேட்டது. "மதினி, கேள்வி கேக்காதீங்க, மாடிக்கு ஓடுங்க... ஆமா, படித்துறைதான்... இப்பமே!" அப்புறம் வெறும் மூச்சுச் சத்தம், அவருடையதா என்னுடையதா என்று தெரியாமல். முத்து எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். அங்கிருந்து குற்றாலம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நின்றாள்.

அங்கே நடந்ததை ஜெயா பிறகு என்னிடம் நேரில் சொன்னார். செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர் அவர். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால் படித்துறை நிறைய ஆட்கள். பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மலையாளிக் குடும்பங்கள். 'வெள்ளம் வருது' என்று வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டாராம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். ஆற்றில் குளிக்கிறவனிடம் தண்ணீர் வருகிறது என்றால் சிரித்துக்கொண்டு முங்குவான். "மலவெள்ளம் வருந்நு! எல்லாவரும் கேறிக்கோ!" என்று, மலையிலிருந்து பெருக்கு வருகிறது, எல்லோரும் ஏறிக்கொள்ளுங்கள் என்று முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட்டு, பிறகு நம் தமிழில், "ஏ, பிள்ளையளைத் தூக்கிட்டு மேல ஏறுங்க! துணியை விடுங்க, ஆளு ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்.

மைக் சத்தம் கேட்டதும் காவலாளி படியில் இறங்கிவிட்டார். பலகை இன்னும் பச்சையாகத்தான் இருந்திருக்கிறது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முணுமுணுத்தபடி எழுந்திருக்கிறார். சோப்பு நுரையோடு நின்ற ஒரு பையனை அவன் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினாள். எல்லோரும் சங்கிலிக்கு வெளியே வந்து, ஏன் ஏற்றினார்கள் என்று சிலர் சண்டைக்கும் வந்துவிட்டார்கள். அந்தச் சண்டை முடிவதற்குள் தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், சருகும் மரக்கிளையுமாக, கீழ்ப் படிகளை மூடிக்கொண்டு வந்தது. கரையில் வைத்திருந்த வாளிகளும் ஒரு பை துணியும் போயின. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை.

"மேடம், எல்லாரும் ஏறியாச்சாம்," என்றார் பேச்சியப்பன். "தண்ணி வந்துட்டாம். ஆனா எல்லாரும் மேல நிக்காங்களாம்."

நான் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். முத்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். சிறிது நேரம் கழித்து, "அக்கா, இப்பமாவது புரோகிராமைத் தொடலாமா?" என்று கேட்டாள். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நிரலைச் சரிசெய்வது சின்ன வேலை என்று அப்போது நினைத்தேன். பெரிய வேலை மாலையில் காத்திருந்தது.

சங்கத் தலைவர் எங்களை வரச் சொன்னார். நம் முதலாளியும் நானும் மேலகரம் வழியாக, வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். தலைவர் பழைய நிலக்காரக் குடும்பத்து மனிதர், வயதானவர், குற்றாலத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பேச்சியப்பன் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. குற்றாலநாதர் காப்பாத்திட்டாரு," என்றார் தலைவர். "இவன் காலியா விட்டதுதான் தப்பு. இனிமே விடமாட்டான், சொல்லியாச்சு. நீங்க பழையபடியே ஓடவிடுங்க."

"அவர் மேல தப்பு இல்ல அண்ணாச்சி," என்றேன். "தெரியாததைத் தெரியாதுன்னு விட்டாரு. நாங்க பராமரிக்கிற புரோகிராம்தான் அதைப் பச்சைன்னு சொல்லிச்சு. அது எங்க பொறுப்பு. அதை மாத்தணும். காலியா இருந்தா இனிமே பலகை 'தகவல் இல்லை'ன்னு காட்டும். அப்பம் சங்கிலி பூட்டித்தான் இருக்கணும்."

அவர் முகம் சுருங்கியது. "தகவல் இல்லையா? பலகை வச்சிருக்கான், தகவல் இல்லைங்கான்னு சிரிக்கமாட்டானா வாரவன்?"

"சிரிக்கட்டும் அண்ணாச்சி."

"நீ லேசாச் சொல்லிட்டம்மா. படித்துறை பூட்டிக் கெடக்குன்னா வண்டியைத் திருப்பிருதாங்க. சீசன் இந்தக் கொஞ்ச நாளுதான். இதை வச்சுத்தான் வருஷம் முழுக்க இத்தனை குடும்பம் ஓடுது. என் லாட்ஜுல பெருக்குத பொம்பளையிலேர்ந்து எண்ணெய் தேய்ச்சு விடுதவன் வரைக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பேராசைக்காரர் என்று அவரை எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்த பயம் ஒன்று, நான் பார்த்த பயம் ஒன்று.

"மேடம், கொஞ்சம் பாத்துப் பேசுங்க," என்று முதலாளி மெதுவாகச் சொன்னார். இந்த வாடிக்கையாளர் போனால் அலுவலகத்தில் யார் யாருக்கு என்ன ஆகும் என்று அவர் மனசு கணக்குப் போடுவது எனக்குத் தெரியாதா? இருந்தும் என்னால் பின்வாங்க முடியவில்லை.

பேச்சியப்பனின் கம்ப்யூட்டரில் படித்துறைப் பக்கத்தைத் திறந்தேன். 'குளிக்கும் நிலை' ஃபீல்டில் கர்சரை வைத்து, நாற்காலியைத் தலைவர் பக்கம் திருப்பினேன்.

"அண்ணாச்சி, உங்களுக்குப் பச்சை வேணும்னா நீங்களே தேர்ந்தெடுத்து சேமிங்க. நான் மறிக்கமாட்டேன். எங்க புரோகிராம் அதை அப்படியே காட்டும். ஆனா யாரும் தேர்ந்தெடுக்காத பச்சையை அது காட்டாது. அப்படி ஒரு வரி என் கையால எழுத மாட்டேன். வேற ஆள் எழுதுவாங்கன்னா, எல்லாத்தையும் நாளைக்கே ஒப்படைச்சிருதோம்."

முதலாளி என்னைப் பார்த்தார். ஒப்படைக்கும் உரிமை எனக்கு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் மறுத்துப் பேசவில்லை. அதற்காக இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது. மவுஸை அவர் தொடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சீசன் முடியட்டும், பேசிக்கிடுவோம்," என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

வேண்டாம் என்று அவர் சொல்லாததால், மறுநாளே நானும் முத்துவும் நிரலை மாற்றினோம். தளம் முழுவதும் எங்கெங்கே ஃபீல்டு படிக்கப்படுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: இது காலியாக இருந்தால், மேலிருந்து வருவதை ஒருவன் நம்பி நடந்தால், அவனுக்கு என்ன ஆகும்? படம் என்றால் ஒன்றும் ஆகாது, ஏறட்டும். தொலைபேசி எண் என்றால் தவறான ஆளைக் கூப்பிடுவான், ஏறக்கூடாது. குளிக்கும் நிலை என்றால் சொல்லவே வேண்டாம். ஏறலாம் என்பதற்கு ஒரு வழி, ஏறக்கூடாது என்பதற்குத் தனியாக ஒரு வழி என்று பிரித்தோம். இரண்டில் எது என்று எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தானாக எதுவும் நடக்காது. நீங்கள் இன்று பயன்படுத்துவதும் அதே பிரிவினைதான். இரண்டு எதற்கு, ஒன்றாக்கிவிடலாமே என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இதுதான் என் பதில்.

அதன் பிறகான நாட்கள் லேசாக இல்லை. பலகையில் 'தகவல் இல்லை' என்று வந்த ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு லாட்ஜ்காரர் அலுவலகத்துக்குப் போன் செய்வார். "என்ன மேடம், உங்க பலகைக்குக் கண்ணு தெரியலையா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். பேச்சியப்பனிடம் கேளுங்கள், தெரிந்ததும் போடுவார்.

ஒரு நாள் பேச்சியப்பன் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக யாரையும் சங்கம் ஏற்பாடு செய்யவில்லை. அன்று பார்த்து நல்ல வெயில். மலை பளிச்சென்று தெரிந்தது. அருவிகளில் கூட்டம் நிரம்பி வழிய, படித்துறை பூட்டிக் கிடந்தது. பலகையில் 'தகவல் இல்லை'. காலையிலிருந்தே அலுவலகத்தில் போன் ஓயவில்லை.

உண்மையில் அன்றைக்குத்தான் எனக்குச் சோதனை. வெள்ளம் வந்த அன்று நான் சொன்னது சரி என்று ஆறே காட்டிவிட்டது. இன்றோ ஆறு என் பக்கம் இல்லை. தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் சங்கிலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்கு நான் காரணம்.

"அக்கா, நம்மகிட்ட அனுமதி இருக்குல்லா? நாமளே பச்சை போட்டுருவோமா?" என்றாள் முத்து. "வெயிலடிக்கு. ஒண்ணும் ஆகாது."

"தென்காசியில மாடியில இருந்துக்கிட்டு உனக்கு ஆறு தெரியுதா முத்து?"

"தெரியலை."

"அப்பம் நாமளும் அந்தப் புரோகிராம் செஞ்சதைத்தான் செய்யப் போறோம். தெரியாம மேல இருந்து எடுத்துக் கொடுக்கப் போறோம்."

அவள் தலையாட்டினாள். முதலாளி வந்து கதவோரம் நின்றார். இன்று ஒரு நாளைக்கு மட்டும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். குரலை உயர்த்தவில்லை.

மதியத்துக்குச் சற்று முன்பு தலைவரே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்து எழுந்து நின்றுகொண்டு பேசினேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஏம்மா, தளம் திறந்த அன்னைக்கு எனக்குன்னு ஒரு பேரும் பாஸ்வேர்டும் குடுத்தாங்களே. அது இப்பமும் வேலை செய்யுமா?"

"செய்யும் அண்ணாச்சி. எங்க இருக்கீங்க?"

"படித்துறையில. காவலாளி கொட்டகையில உக்காந்திருக்கேன். பேரன் லேப்டாப்பைக் குடுத்து விட்டான்."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெதுவாக, பொறுமையாக அவர் தட்டினார். இரண்டு முறை தவறாகப் போட்டார். உள்ளே வந்ததும், "ஆங், வந்துட்டு. குளிக்கும் நிலை. காலியா இருக்கு," என்றார். "தண்ணி தெளிவா ஓடுது. மேல நிக்குத ஆளுகிட்டயும் கேட்டுட்டேன், மழை இல்லைங்கான்."

"அப்பம் தேர்ந்தெடுத்து சேமிங்க அண்ணாச்சி."

அவர் உடனே சேமிக்கவில்லை. "நான் போட்டா, நான் போட்டேன்னு இதுல இருக்குமா?"

"இருக்கும். யாரு போட்டா, எப்பம் போட்டான்னு இருக்கும்."

போன் வழியே தூரத்தில் பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது.

"இரும்மா, லைன்லயே இரு," என்றார். "இன்னொரு தரம் படியில இறங்கிப் பாத்துட்டு வாரேன்."

அவர் வரும்வரை நான் போனை வைக்கவில்லை.